கிழக்குக் கொப்பு

பிப்ரவரி 9. காலை ஐந்தே முக்கால் மணிக்கு என் மனைவி வீட்டில் இறந்தார். பகல் பதினொரு மணிக்கு, வீட்டைச் சுற்றியுள்ள புரையிடத்தில் நிற்கும் மாமரத்தின் மேற்குக் கிளை தகனத்துக்காக வெட்டப்பட்டது. மூன்று மணிக்குத் தகனம்.

மார்ச் 2. மரத்தின் வெட்டுவாயில் சிமெண்ட் பூசினேன்.

மே 27. தூரின் மேற்குப் பக்கத்து மண்ணில் ஒரு வெடிப்பைக் கண்டேன். நீளம் இரண்டு முழம். அகலம், ஒரு தீக்குச்சி உள்ளே போகும் அளவு.

ஜூன் 4. அதே வெடிப்பில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

ஜூன் 5. வெடிப்பை மண் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு, நாகர்கோவிலிலிருந்து கொட்டாரம் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, வயலை நிரப்பி மனையாக்கிய பகுதியில் இருக்கிறது. நிரப்பிய மண் ஓர் ஆள் உயரம். அதற்குக் கீழே இன்னும் வயல்தான். மரத்தின் வேர்கள் அந்தச் சேற்றுக்குள் இறங்காமல் மேல்மண்ணிலேயே படர்ந்தவை. மரத்துக்கு மேற்கே என் வீடு. கிழக்கே மதில், மதிலை ஒட்டிப் பக்கத்து வீட்டின் பின்னறை. ஜூன் தொடங்கியதும் காற்று மேற்கிலிருந்து வரும். ஆவணி வரை ஓயாது. ஆகவே மரம் விழுமானால் எந்தத் திசையில் விழும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

தகனத்துக்குச் சொந்தப் புரையிடத்து மாமரத்தை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று, மரத்தை முழுதாகச் சாய்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மனைவியின் தம்பி என் காதருகே குனிந்தார்.

“அத்தான், ஒரு கொப்பு போரும். எதுன்னு கையக் காட்டுங்கோ.”

இரண்டு பெருங்கிளைகள் இருந்தன. நான் மேற்கைக் காட்டினேன். கிழக்குக் கிளை மதிலைத் தாண்டி நின்றது. கயிறு கட்டி இறக்க நேரமாகும். மேற்குக் கிளை என் முற்றத்திலேயே விழும். உள்ளே அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் நான் எதையும் எண்ணவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். துலாக்கோலின் ஒரு தட்டை அகற்றினால் என்ன ஆகும் என்று எத்தனையோ முதலாண்டு மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

கிளைகளை அவள் முன்பே பங்கிட்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு நாள், காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்தபடி மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“ஆளுக்கொரு கொப்பு இருக்கு. சண்டைக்கு வழியில்ல.”

கார் ஓட்டி வந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“சிரிச்சா பல்லு கொட்டீருமோ?” என்று என்னைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அந்த அம்மாள்தான் அன்று என் மனைவியைக் குளிப்பாட்டியவர். அவர்களுடைய மகள் முதல் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். மே மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் மதிலை ஒட்டிய பின்னறையில் விட்டிருந்தார்கள். அதற்குக் கூரை தகரச் சீட்டு. அந்த அறையைத் தேர்ந்ததற்குக் காரணம் என் மரம்.

“உங்க மாமர மூட்டு நெழலுதான் சாரே. பிள்ள என்னா ஒறக்கம் ஒறங்குது!” என்று அந்த அம்மாள் மதிலுக்கு மேலாகச் சொன்னார்.

நான் வெடிப்பில் மண் போட்டுக்கொண்டிருந்தபோதும் அதே மதிலுக்கு மேல் அவருடைய முகம் தெரிந்தது.

“என்ன சாரே, உரம் வைக்கியளா?”

“ஆமா” என்றேன்.

அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றி எழுதுவது எளிதல்ல. அடிமரத்தில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். குண்டின் நுனி தரையைத் தொடும் இடத்தில் ஒரு கல்லைப் பதித்துக் கோடு கீறினேன். ஒரு மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தேன். நுனி கோட்டில் நின்றால் ஒரு மணி நேரத்துக்குத் தைரியம் வரும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை. முற்றத்தைக் கடந்து நாற்காலியில் உட்காருவதற்குள் மறுபடி ஐயம் வந்தது. குழந்தை அழுதால் பயந்தேன். அழாமல் இருந்தால் அதைவிடப் பயந்தேன். மாம்பிஞ்சு ஒன்று அந்தத் தகரத்தில் விழுந்தாலும் மறுபடி தூக்குக்குண்டைப் பார்க்கப் போனேன்.

சொல்லிவிடலாம். சொன்னால் மரத்தை வெட்டச் சொல்வார்கள், சொல்வதுதான் நியாயம். அவளுக்காக வெட்டிய இடம் அந்த மரத்தில்தான் இருந்தது. அவளுடையது என்று காட்ட எனக்கு வேறெங்கும் ஓர் இடமில்லை. ஒரு கைக்குழந்தையின் உயிரை எதிர்த்தட்டில் வைத்து நான் எடைபோட்ட பொருள் இதுதான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள், நுனி கோட்டைவிட்டு ஒரு நெல்மணி அகலம் விலகி நின்றது. பிப்ரவரியில் கிளையை இறக்கியவருக்கே போன் செய்தேன். அவர் வந்து, வெட்டுகத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினார். சிமெண்ட் பூசிய இடத்துக்குக் கீழே ஓசை மாறியது.

“யாரு சாரே இதுல சிமெண்டு வச்சது?”

“நான்தான்.”

“பல்லு டாக்டரு வேல பாத்திருக்கீயளே. உள்ள தண்ணி நிக்கி. சும்மா விட்டிருந்தா மரம் தானே தோலு வளத்து மூடியிருக்கும்.”

பிறகு தூரின் அருகே குதிகாலால் மிதித்தார். நான் போட்ட மண் பொதுக்கென்று உள்ளே இறங்கியது. அவர் காலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது எப்பம் வெடிச்சு?”

“ரெண்டு வாரமாச்சு.”

“மண்ணு யாரு போட்டா?”

நான் கையை வேட்டியில் துடைத்தேன். அவர் நிமிர்ந்து கிழக்குக் கிளையைப் பார்த்தார்.

“வேரு பொங்குது சாரே. கெழக்கால உள்ள கனத்தக் கொறைக்கணும். மூட்டோட எடுக்காண்டாம், நுனியளக் கழிச்சாப் போரும். ஆனா இந்தக் காத்துல நான் ஏற மாட்டேன். எனக்கும் பிள்ளைய உண்டு.”

“எப்பம் ஏறுவீங்க?”

“அத காத்துட்டல்லா கேக்கணும்?” அவர் மதிலின் பக்கம் தலையை அசைத்தார். “அதுவரைக்கும் அந்த ரூமுல ஆளு படுக்காண்டாம்னு சொல்லீருங்கோ.”

அவர் போனதும் சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சென்றேன். முன்னறையில் இருந்த இரண்டு தையல் எந்திரங்களில் ஒன்றைத் தையற்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வெந்நீர்ச் செம்போடு வந்தார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: வெடிப்பு, அதன் நீளம், கண்ட நாள், மூடிய நாள்.

“உரம்னு சொன்னீயளே, சாரே.”

“பொய் சொன்னேன்.”

அவர் செம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குள் போனார்.

“ஏட்டி, எழும்பு. பிள்ளைய எடு.”

“இப்பதாம்மா கண்ணடைச்சுது.”

“அடைச்சது போரும். எடுட்டி.”

முன்னறையில் எந்திரங்களும் துணிக்கட்டுகளும் போக ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளும் மகளும் நின்றார்கள். என் வீட்டு மேற்கறை சும்மா கிடக்கிறது என்றேன். சொன்ன பிறகே நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. அது என் மனைவி இறந்த அறை. ஆண்டு கழியாத வீட்டுக்குப் பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவதில்லை. தையற்காரர் எந்திரத்தை நிறுத்தினார். அந்த அம்மாள் பின்னறையின் கூரைச் சீட்டை அண்ணாந்து பார்த்தார். அதன்மேல் கிளை உரசும் ஓசை கேட்டது.

“உங்களுக்கும் தீட்டு, எங்களுக்கும் தீட்டு. ரெண்டும் சேந்தா சரியாப் போகும்” என்றார். பின் மகளிடம், “நடட்டி. சாரு வீட்டு அக்காதானே, பிள்ளைய என்ன செய்யப் போறா?” என்றார்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு அந்த அறையின் சன்னலைத் திறந்தேன்.

காற்று மேலும் ஐந்து நாட்கள் அடித்தது. மரம் விழுந்தாலும் தகரம்தான் நொறுங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை. இடம் மட்டும் மாறியது. மேற்கறையின் மூடிய கதவுக்கு வெளியே நின்று, முன்பு நோயில் கிடந்த மனைவியின் மூச்சைக் கேட்டதுபோல, உள்ளே மூச்சு வருகிறதா என்று கேட்டேன். ஒரு முறை குழந்தையின் தாய் கதவைத் திறந்து என்னைக் கண்டுவிட்டாள்.

“உயிரோட இருக்கா மாமா. வந்து பாருங்கோ” என்றாள்.

ஆறாம் நாள் காலை இலை அசையவில்லை. ஏழு மணிக்குள் மரமேறுபவர் வந்துவிட்டார். கிழக்குக் கிளையின் நுனிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினார். சிமெண்டை உளியால் பெயர்த்தார். உள்ளேயிருந்து கறுத்த நீர் வடிந்தது. கிளை, பாதி நீளத்தில், தலை மழித்ததுபோல் நின்றது. விழாது என்று அவர் சொல்லவில்லை. ஆடி கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அதன்பின் முற்றத்தில் கிடந்த மரத்துண்டுகளைக் காட்டினார்.

“இத என்ன செய்ய சாரே? நனையாம அடுக்கி வச்சா உங்களுக்கு…”

மதிலுக்கு மேல் அந்த அம்மாளின் தலை தெரிந்தது. “சும்ம கெடங்க அண்ணாச்சி. ஆளு குத்துக்கல்லு மாதிரி முன்னால நிக்காரு!”

“நான் அடுப்புக்குன்னுல்லா சொல்ல வந்தேன்!”

நான் சிரித்துவிட்டேன். உள்ளே குழந்தை திடுக்கிட்டு அழுதது.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

நான் போட்ட மண்ணை அள்ளிவிட்டு, வெடிப்பை மறுபடி அளப்பது.

மரத்துண்டுகளைப் பக்கத்து வீட்டு அடுப்புக்குக் கொடுப்பது.

எனக்கு எரிவாயுத் தகனமேடை போதும், மரத்தைத் தொட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்வது.

மேற்கறை அலமாரியிலிருந்து அவளுடைய மருந்துகளை எடுப்பது. குழந்தை இன்னும் அங்கேதான் உறங்குகிறது.