திரும்பிப் பாக்காத பச்சையம்மா

எங்க தெருவுல பச்சையம்மாவைப் பத்திக் கேட்டா சூனியக்காரின்னுதான் சொல்லுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எழுபதாம் வருஷத்துலேருந்து பக்கத்து வீட்டுல இருக்கறவ நான், எனக்குத் தெரியாதா அவளை?

எழுபத்தி நாலு கார்த்திகை தீபத்தன்னைக்கு, மகள் வேதாவைக் கையில புடிச்சுக்கிட்டு மாடவீதியில நின்னா. மலையில தீபம் ஏறினதும் ஊரே அரோகரான்னு ரெண்டு கையையும் தூக்குச்சு. இவளும் தூக்கினா. இறக்கினப்ப புள்ள இல்ல. எட்டு வயசு, பச்சைப் பாவாடை. மைக்குல சொல்லி, போலீசுக்குப் போயி, எல்லாம் பாத்தாச்சு.

அன்னைலேருந்து கோயில் வாசப்படி மிதிக்கல. "அவரைக் கும்பிடத்தானே கையை விட்டேன் சந்திரகலா"ம்பா.

அவ வீட்டு மாடி ரூமுல மரியான்னு ஒரு கிரீஸ் நாட்டம்மா வாடகைக்கு இருந்தாங்க. உலகமே அண்ணாமலையாரைத் தேடி இங்க வருது, இந்தம்மா தன் நாட்டுப் பழைய சாமியைப் பொட்டியில வெச்சுக் கொண்டாந்திருந்தாங்க. எகாத்தின்னு பேரு. மூணு மூஞ்சி, கையில தீவட்டி, காலடியில நாய். அந்த ஊர்க் கதையில ஒரு தாய் காணாமப் போன மகளைத் தேடி அலைஞ்சப்ப, தீவட்டி புடிச்சுக்கிட்டுக் கூடவே போன சாமியாம். பச்சையம்மாவுக்கு இது போதாதா?

அந்த சாமிக்கு அமாவாசை சாயந்தரம் முச்சந்தியில பூண்டு, முட்டை, ரொட்டி வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும். "நாம திருஷ்டி கழிக்கிற மாதிரியே இருக்குதேடி"ன்னு சிரிச்சா. மகள் போனப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். விசா முடிஞ்சு கிளம்பினப்ப மரியா அந்த சாமியை இவகிட்டயே குடுத்துட்டாங்க. இவ அதுக்குக் குங்குமம் வெச்சு, எண்ணெ விளக்கும் ஏத்திட்டா. வேதாவைக் கூட்டியா, அது ஒண்ணுதான் வேண்டுதல்.

எண்பத்திரண்டுல ஆடி அமாவாசை. முச்சந்தியில வெச்சுட்டுத் திரும்பி நடக்குறா. பின்னால ரோட்டுல நாய் நகம் உரசுற சத்தம், ஆனா குரைக்கல. அப்புறம், "அம்மா"ன்னு ஒரு குரல். கொஞ்சம் கழிச்சு இன்னொரு தடவ, "அம்மா."

பொழுது சாஞ்சப்புறம் யாராச்சும் கூப்பிட்டா, மூணாந்தடவைக்குத்தான் திரும்பணும், பேய் மூணாந்தடவ கூப்பிடாதுன்னு சொல்லுவாங்க இல்ல? அந்த சாமியும் பாக்காதேங்குது, நம்ம ஊரும் பாக்காதேங்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு வீடு வந்துட்டா. மூணாந்தடவ யாரும் கூப்பிடல.

மறுநாள் காலையில முச்சந்தி டீக்கடை சுப்பன் பச்சையம்மாவைத் தேடி வந்தாரு. புதுசா கீழ்பென்னாத்தூர்லேருந்து வந்து கடை போட்டவரு, வேதா கதை எதுவும் தெரியாது அவருக்கு.

"ஏம்மா, சின்னப் புள்ளைய அப்படியா உட்டுட்டுப் போவாங்க? உன் பின்னாலயே ஓடியாந்துச்சு, ஏழெட்டு வயசு இருக்கும், பச்சைப் பாவாடை. ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்துச்சு. நீ திரும்பல. அப்புறம் ஒரு கறுப்பு நாய் கூட மலைப் பக்கமா போயிடுச்சு."

வேதா இருந்திருந்தா அப்ப பதினாறு வயசு.

பச்சையம்மா அழல. "ரெண்டாந்தடவையும் விட்டுட்டேன்"னா, அவ்வளவுதான்.

இப்பவும் அமாவாசைக்குப் போறா. திரும்பி வர்றப்ப ஒரு கையைப் பின்னால நீட்டிக்கிட்டு, பின்னாலயே பாத்துக்கிட்டு நடக்குறா. எனக்கு மனசு கேக்கல. "பாக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்களேடி, ஏதாச்சும் தொத்திக்கிட்டா?"ன்னேன்.

"தொத்திக்கட்டும். பேயா இருந்தாலும் என் புள்ளதானே"ன்னா.