அண்ணி அரம் போட்ட விமானம்

மேசைமேல் நின்ற அந்த விமானம் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். பழைய காலத்துப் பயணிகள் விமானத்தின் சின்ன உலோக மாதிரி; இறக்கைக்கு இரண்டாக நான்கு புரொப்பல்லர்கள். அண்ணி ஒன்றை விரல்நுனியால் தட்டினார். அது சுற்றி நிற்கும்வரை அவர் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. ஒன்பது வருடமாக அவர் தேடியது அதைத்தான். அது பெங்களூரில் ஓய்வுபெற்ற ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. அண்ணியிடமிருந்த மூன்று இன்ஜின் ஜெட்டைக் கொடுத்தால் அதைத் தருவதாகப் போனிலேயே பேச்சு முடிந்திருந்தது. அந்தப் பெரியவருக்குத் தமிழ் வராது என்பதால், ஓசூரிலேயே வளர்ந்து கன்னடம் தெரிந்த நான் துணைக்குப் போயிருந்தேன்.

அண்ணி திருநெல்வேலிப் பக்கம். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்த வருடமே உருக்கிய உலோகத்தை டை என்கிற அச்சில் ஊற்றி வார்க்கும் ஒரு டைகாஸ்டிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். டையிலிருந்து வரும் அலுமினிய மூடிகளின் ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுக்கும் வேலை. இந்தக் குட்டி விமானங்களைச் சேர்க்கிறாரே தவிர, நிஜ விமானத்தில் அவர் ஏறியதே இல்லை. "நாங்க செய்யுத மூடி மாதிரி இதுவும் டையில ஊத்துனதுதான். என்னா நேர்த்தி பாரு" என்பார். "ஏறத்தான் வழியில்ல, வாங்கியாச்சும் வைக்கட்டும்" என்று என் அம்மா கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த ஜெட் வீட்டுக்கு வந்த அன்று, பெயின்ட் இல்லாத அதன் வெள்ளி வயிற்றில் டையின் இரு பாதிகள் சேர்ந்த கோடு மெலிதாகத் தெரிந்தது. நான் காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் அண்ணி அதை அரத்தால் எடுத்து, உப்புத்தாள் போட்டு மழுக்கியும் விட்டார். பழக்கதோஷம். மாதிரியைச் செய்த கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெரியவர் ஜெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணியின் கைவேலை அவருக்குத் தெரியவே இல்லை. யாரும் இதில் கை வைக்கவில்லையே என்று கன்னடத்தில் கேட்டார். நான் யோசிக்காமல், "இல்லை" என்றேன்.

"என்ன கேட்டாரு?" என்றார் அண்ணி. சொன்னேன்.

"அரம் போட்டத சொல்லு."

"சொன்னா தரமாட்டாரு அண்ணி. சும்மா இருங்க."

"தராட்டாப் போகட்டும். கழிக்க வேண்டிய பீஸுக்குத் தெரிஞ்சே ஓகே போடச் சொல்லுதியா?"

நான் அதைக் கன்னடத்தில் சொல்ல மறுத்தேன். அண்ணியே ஜெட்டைக் கவிழ்த்து, வயிற்றைத் தடவிக் காட்டி, ஷிப்டில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் கற்ற அரைகுறைக் கன்னடத்தில், "சார், நானே உஜ்ஜிபிட்டே" என்றார். தேய்த்தது நான்தான் என்று.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி அவரை வணங்கினார். ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. நான்கு புரொப்பல்லர் விமானம் அலமாரிக்குப் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று அவர்மேல் கோபம். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான், பொய் சொன்னது நான் என்பதே எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதோடு, இந்த மனுஷி எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்று பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை இன்றுவரை குறையவில்லை.

மறுநாள் காலை அவர் ஜெட்டின் வயிற்றில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார். கம்பெனியில் கழித்த பீஸுக்கு வைக்கிற அதே பொட்டு. வைத்துவிட்டு முன்வரிசையிலேயே நிறுத்தினார்.

இப்போது அண்ணியிடம் முப்பத்தேழு விமானங்கள். நான்கு புரொப்பல்லர் இன்னும் அமையவில்லை. போன வாரம் என் ஆபீஸ் தோழி, கன்னடக்காரப் பெண், வீட்டுக்கு வந்தாள். நான் முதலில் எடுத்துக் கவிழ்த்துக் காட்டியது அந்த ஜெட்டைத்தான்.

"அதப் போயி ஏன் காட்டுத? அது நான் கெடுத்த பீஸு" என்றார் அண்ணி.

என்ன சொல்கிறார் என்று தோழி கேட்டாள். இந்த முறை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.