தேயிலை விலையும் ஆட்டுத்தலையும்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை அவர்களுக்குப் போய்விடும். ஒரு நாடு செழிக்கிறதா இல்லையா என்பதை அது தின்னும் இறைச்சியைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு கசாப்புக்கடைக்காரரையும் நம்பவைத்தேன்.

அப்போது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு வேண்டிய இறைச்சி வாரம் ஒருமுறை பதுளையிலிருந்து தகரப் பெட்டியில் வரும். அதைத் தலையில் சுமந்து மலையேறுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. தேயிலை நல்ல விலைக்குப் போன மாதங்களில் அவன் கழுத்தைத் தடவிக்கொண்டு வருவான். விலை விழுந்த மாதங்களில் பாடிக்கொண்டு வருவான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒரு பேருண்மை பிடிபட்டது: பணம் ஏறினால் இறைச்சியும் ஏறும். துரை வீட்டில் நடப்பது நாளைக்குத் தோட்டத்தில் நடக்கும், தோட்டத்தில் நடப்பது அப்புறம் நாட்டில் நடக்கும். ஒருவனுடைய கழுத்துவலியிலிருந்து இலங்கையின் எதிர்காலத்தை இப்படிக் கண்டுபிடித்தேன்.

அந்தப் பெட்டியை நிரப்பி அனுப்பியவர் பதுளைக் கடைத்தெருவில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம். நான் அவரை நானா என்பேன். சம்பள ஞாயிறுகளில் ஓரிரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு பசறை வழியாக எங்கள் தோட்டத்துக்கும் வருவார். கறியைக் கூறு கூறாக வாழையிலையில் வைப்பார். தலை மட்டும் தனியாக இருக்கும். அது பெரிய கங்காணிக்கு. லயங்களில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்த அத்தனை சனத்தையும் திருச்சிப் பக்கத்திலிருந்து கூட்டிவந்தவர் அவர். அவர் தலையை வாங்கிய பிறகுதான் சின்னக் கங்காணிகள் கை நீட்டுவார்கள், அவர்களுக்குப் பிறகே மற்றவர்கள். யாரும் போட்ட சட்டமில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டு வரிசையில் நிற்கிற பழக்கத்தில் கறிக்கும் அப்படியே நின்றார்கள்.

தேயிலை விலை ஏறத் தொடங்கிய வருஷம் நான் பதுளைக்குப் போய், நானாவின் கடை வாசலில் உட்கார்ந்து என் தத்துவத்தை விளக்கினேன். தோட்டத்துக்குக் கீழே பாதை திரும்பும் இடத்தில் நிரந்தரமாக ஒரு கடை போட்டால் வாரம் முழுவதும் ஆடு போதாது என்றேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"லயத்து ஆளுகளுக்குக் கூலி ஏறிச்சா, கணக்கப்புள்ள?"

"அது தானா ஏறும் நானா."

கோட்டுப் போட்டவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார். பதுளைக் கடையை மச்சானிடம் ஒப்படைத்தார். மனைவி மக்களோடு மலையேறி வந்து, தகரக் கூரை போட்டுக் கடை திறந்தார். மச்சான் அடுத்த மாதமே பதுளைக் கடையில் தன் பெயரை எழுதிப் பலகை மாட்டிக்கொண்டான். இனி இந்தக் கடை ஓடினால்தான் நானா வீட்டு அடுப்பு எரியும்.

தோட்டம் செழித்தது. அதில் என் கணக்கு பிசகவில்லை. பெரிய கங்காணி குதிரை வாங்கினார். ஊருக்குப் போய் மாடி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் உருத்திராட்சமுமாகத் திரும்பி வந்தார். ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாரும் சைவமாம். பணத்தோடு அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தச் சம்பள ஞாயிறு நானா வழக்கத்தைவிட அதிகமாகவே ஆடு அறுத்திருந்தார். லயமே வந்து நின்றது. நான் முன்னால் நின்று ஒரு தொடையைப் பொறுக்கி வைத்திருந்தேன். பெரிய கங்காணி குதிரையில் வந்தார்; ஆட்டுத்தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கணக்கப்புள்ள, நீங்க இன்னும் இதெல்லாம் திங்கிறீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. இன்னும் தவழ்கிறீர்களா என்று கேட்பதைப் போலக் கேட்டார். நாடுகளின் செல்வத்தை ஆராய்ந்தவன் நான். கையில் பையும் இருந்தது.

"இல்லீங்கய்யா. சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

தொடையைத் திரும்ப இலையில் வைத்தேன். சின்னக் கங்காணிகளும் சும்மா பார்க்கத்தான் வந்திருந்தார்கள் என்பது உடனே தெரியவந்தது. மற்றவர்களுக்கு ஆசை இருந்தது. ஆனால் பெரியவர் தொடாததை அவர் கண்முன்னே வாங்கினால் மறுநாள் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிக்கூலி. அந்தப் பேரை எழுதுகிறவன் நான்தான், எழுதச் சொல்கிறவர் அவர். கூட்டம் கலைந்தது. நானா ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

துரையாவது கைகொடுப்பார் என்று பார்த்தால், அவருக்குக் கால் பெருவிரல் வீங்கி, டாக்டர் இறைச்சியை நிறுத்திவிட்டார். பெட்டியில் பண்டாரவளை மரக்கறி வந்தது. பெட்டிக்காரன் பாடிக்கொண்டு வந்தான். ஆக, தோட்டத்தின் முதல் பணக்காரருக்கு வீக்கம், இரண்டாம் பணக்காரருக்குப் பக்தி, மற்றவர்களுக்குக் கூலி ஏறவில்லை. தோட்டம் அதுவரை காணாத செல்வத்தில் இருந்தபோது எல்லாருமாகச் சேர்ந்து கத்தரிக்காய் தின்றோம்.

நானா என்ன செய்வார்? பின்வாங்கிப் போகப் பதுளையில் கடையில்லை. மரக்கறிக்கடை வைத்தார். ஆடு அறுத்த கத்தியால் பூசணிக்காய்க் கீற்றுப் போட்டார். கீற்றுகள் ஒரே அளவில் அழகாக விழும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒருநாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை. எப்போதும்போல வாங்க என்பார். பூசணிக்காயில் எலும்பில்லாத பக்கமாகப் பார்த்துத் தரட்டுமா என்று மட்டும் கேட்பார்.

வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் போட்ட பெரிய சண்டை முடிந்து கொஞ்ச காலத்தில் தேயிலை விலை தலைகுப்புற விழுந்தது. கங்காணியின் குதிரை போயிற்று. ஊர் வீடு மாடி ஏறாமல் சுவரோடு நின்றது. நடந்தே மலையேறியதில் அவருக்கு முழங்கால் வலி கண்டது. வைத்தியர் ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார். அவருக்காக நானா பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு ஓர் ஆடு அறுத்தார். மருந்து என்று வந்துவிட்டால் சைவத்துக்குப் பங்கமில்லை. தலையையும் மருந்துக் கணக்கிலேயே வாங்கிப்போனார். அடுத்த ஞாயிறு சின்னக் கங்காணிகள் எல்லாருக்கும் முழங்கால் வலித்தது. பத்து மணிக்குள் லயம் முழுக்க வலித்தது. கூறுகள் சின்னவை, ஒன்றை இரண்டு வீட்டுக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். ஆனாலும் இலை காலியாகிக்கொண்டே இருந்தது. நானாவின் கத்தி மறுபடியும் எலும்பில் விழும் சத்தம் மேலே ஆபீஸ்வரை கேட்டது.

நான் ஓட்டமாக இறங்கிப் போனேன். தத்துவத்தைத் திருத்தியிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று சொன்னேன்: "நானா, இப்பத்தான் வெளங்குது. நாடு ஏழையாக ஏழையாகத்தான் கறி ஏவாரம் ஏறுது. இன்னும் மோசமாகும்போல இருக்கு. பசறையில இன்னொரு கடை போட்டுருவோம்."

அவர் நிமிரவில்லை.

"கறி வாங்க வந்தவங்க நிக்கிறாங்க, நீங்க தள்ளி நில்லுங்க."