இறங்கி நடந்த விண்கப்பல்

மகள் கணினிக்கு முன்னால் இருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் ஏதாவது கேட்பேன், கேட்டால் விளக்குவாள், விளக்கி முடிக்கும்போது என் வயது இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றது தற்செயல்தான். திரையில் விண்வெளி. அந்தக் கறுப்பின் நடுவில் அவளுடைய சின்னக் கப்பல். எதிரே ஒரு பெரிய கப்பல் வந்து வழிமறித்து ஏதோ கேட்டது. கீழே நாலு கொடிகள் முளைத்தன.

“என்னவாம்?”

“தங்களோட வந்து சேரட்டாம் அப்பா. நாலு கூட்டம் இருக்கு. ஏதாவது ஒண்டில சேராட்டிக் கதை நகராது.”

சொல்லிக்கொண்டே ஒரு கொடியை அமத்தினாள். தட்டிலிருந்து பிஸ்கற் எடுப்பது போல. என் தேத்தண்ணி இடுப்புச் சாரத்தில் சிந்தியதற்கு அவள் என் வயதைக் காரணமாக எடுத்துக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை.

அவளுடைய விசைப்பலகைக்கு ஒரு மணமும் கிடையாது. நான் முதன்முதலில் பழகிய விசைப்பலகைக்கு மண்ணெண்ணெய் மணம் இருந்தது. அது அன்ரனின் விரல்களிலிருந்து வந்தது.

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொம்பியூட்டர் கடையில் நான் வேலை பார்த்த காலம். சண்டை ஓய்ந்து சமாதானம் வந்திருக்கிறது என்று வானொலி சொன்ன காலமும் அதுதான். சமாதானத்தை நாங்கள் விருந்தாளி போலவே நடத்தினோம். நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தோம்; எப்போது புறப்படும் என்று ஒரு கண்ணும் வைத்திருந்தோம். கடைக்குள் சில கணினிகளும் கிறீச்சிடும் மின்விசிறி ஒன்றும் இருந்தன. வாசல் நிழலில் எப்போதும் கழுதைகள் நின்றன. ஆட்களைவிடக் கழுதைகளே ஒழுங்காக வந்துபோயின.

அன்ரன் ஓலைத்தொடுவாய் என்ற கரையோர ஊர்க்காரன். படகு எஞ்சின் திருத்துகிறவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். உதிரிப்பாகம் வாங்க மன்னார் ரவுணுக்கு வருவான். வாங்கிய சாமானைக் காலடியில் வைத்துவிட்டு விண்வெளிக்குப் போய்விடுவான். அப்போதும் இதே மாதிரி ஒரு விளையாட்டு. அது பேசிய இங்கிலீசை நான் பக்கத்தில் நின்று தமிழாக்குவேன். எனக்குப் பாதிதான் விளங்கும். மீதியைப் படித்த நாவல்களிலிருந்து நிரப்பினேன். அதிலும் நாலு கூட்டங்கள். காவல்படை, கிளர்ச்சிக்காரர், வணிகர், துறவிகள் என்று பெயர் வைத்தேன். துறவிகளிடமும் பீரங்கி இருந்தது.

உலகத்தில் மற்ற இடங்களில் இந்த விளையாட்டை வாங்கியவர்கள், ஆள்சேர்க்கும் கப்பலைக் கண்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்திருப்பார்கள். சேர்ந்தால் சுடத் துவக்கு, வேகமான கப்பல், பதவி. எங்கள் கடையில் ஆள்சேர்க்கும் கப்பல் தூரத்தில் தெரிந்ததுமே எல்லோரும் ஏதாவது சந்திரனுக்குப் பின்னால் போய் ஒளிந்தார்கள். ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விளையாட்டைச் செய்தவன் வந்து பார்த்திருந்தால் தன் தொழிலில் பிழை விட்டுவிட்டதாக நினைத்து அழுதிருப்பான்.

ஒளிய இடமில்லாவிட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். இரண்டே பதில்கள்: சேருகிறேன், இப்ப இல்லை. அன்ரன் எப்போதும் இரண்டாவதை அமத்துவான்.

“மாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லக்கூடாது அண்ணை. இப்ப இல்லை எண்டா ஒருத்தருக்கும் கோவம் வராது.”

“அதில மாட்டன் எண்ட பதிலே இல்லையடா.”

“பாத்தீங்களா, செய்தவனுக்கும் தெரிஞ்சிருக்கு.”

இராணுவச் சோதனைச் சாவடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் சென்றி என்போம். சென்றிக்கு நல்ல தூரம் முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வேகமாகப் போனால் சந்தேகம், நின்றால் அதைவிடச் சந்தேகம். அதற்கென்றே ஒரு நடை இருந்தது. எங்கள் மன்னார்த் தீவுப் பிள்ளைகள் தவழ்ந்து முடித்ததும் பழகிய நடை. விளையாட்டில் காவல் கப்பலைக் கண்டதும் அன்ரன் அதையே செய்தான். தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, விளக்கை அணைத்து, மெல்ல மிதந்து போனான். விளையாட்டின் சட்டப்படி விளக்கணைத்து மிதந்து வருகிறவன் கொள்ளைக்காரன். காவல் கப்பல் அவனைச் சுட்டுத் தூளாக்கியது.

“அண்ணை, மரியாதையா இறங்கி நடந்துதானே வந்தனான்!”

“இது சைக்கிளில்லையடா, விண்கப்பல். அப்பிடியே நேர போகோணும்.”

“தெரியுது அண்ணை. கை கேக்குதில்லை.”

ஒருவரோடும் சேராமலே விளையாட்டின் கடைசி வாசலைக் கடப்பது என்பது அவனுடைய பிடிவாதம். ஏதாவது ஒரு கூட்டத்தின் சின்னம் இல்லாமல் அந்த வாசல் திறக்காது என்று எத்தனையோ தரம் சொன்னேன். அதற்குள் நாலு கூட்டமும் அவனை மற்றக் கூட்டத்தின் ஆள் என்று சந்தேகிக்கத் தொடங்கியிருந்தன. அவை நாலும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அன்ரனைத் துரத்தியதுதான். “வழி இருக்கும் அண்ணை, கடல் எண்டா வழி இருக்கும்,” என்பான். விண்வெளியை அவன் கடல் என்றுதான் சொன்னான்.

வாசலுக்குக் கிட்டக் கப்பலை நிறுத்திவிட்டு ஒருநாள் எழும்பினான். “விடத்தல்தீவில அக்காவைப் பாத்திட்டு வாறன். இதை அழிச்சுப் போடாதேங்கோ.” விடத்தல்தீவு அப்போது மற்றப் பக்கமான இயக்கத்தின் கையில் இருந்தது. அவன் போன அதே கிழமை, சமாதானம் என்ற அந்த விருந்தாளியும் புறப்பட்டுவிட்டார். பாதை மூடப்பட்டது. அக்கா பிறகு உயிரோடு வந்து சேர்ந்தா. தம்பி தன்னிடம் வந்து சேரவே இல்லை என்றா. இந்தப் பக்கம் பிடித்தது என்றார் ஒருவர். அந்தப் பக்கம் கொண்டுபோனது என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்களைப் போலவே சொன்னார்கள்.

அன்ரனின் அம்மா என்னை எங்கே கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்பா.

“அவன் ஒருத்தரோடையும் சேரேல்லைத்தானே தம்பி?”

“இல்லை அம்மா. சேரேல்லை.”

அப்படி உறுதியாகச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே சாட்சி, சின்னம் இல்லாமல் வாசலில் நின்ற அந்தக் கப்பல்தான். எந்த விசாரணையிலும் எடுபடாத சாட்சி. நான் அதை அழிக்கவில்லை. உப்புக்காற்று அழித்தது. கணினியைத் திறந்தபோது உள்ளே எல்லாம் துருவேறிக் கிடந்தது.

“பிடிக்காட்டிப் பிறகு விலகலாம் அப்பா,” என்றாள் மகள், சாரத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னிடம். “இஞ்ச பாருங்கோ.”

உண்மையிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருந்தது.

“விலகினா ஒண்டும் செய்யமாட்டாங்களா?”

“என்ன செய்யிறது? கேம்தானே.”

அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். அன்ரனின் அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்தா. கண் மங்கிவிட்டது, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்தா. வழக்கமான பதிலோடு நான் ஆயத்தமாக இருந்தேன். அவ வேறொன்றைக் கேட்டா.

“சேந்திருக்கலாமோ தம்பி?”

“என்னம்மா?”

“ஏதாவது ஒண்டில சேந்திருந்தா, ஒரு பக்கமாவது இவன் எங்கட ஆள் எண்டு சொல்லியிருக்கும். இண்டைக்கு இவனைத் தங்கட ஆள் எண்டு சொல்ல ஆர் இருக்கினம்? நானும் நீயும்.”

இருட்டும் வரைக்கும் அவவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன்.

திரும்பும் வழியில் பழைய சென்றி இருந்த இடம் வந்தது. மண்மூட்டை இல்லை, தகரக் கொட்டில் இல்லை, குறுக்குத் தடி இல்லை. இங்கே ஒரு சென்றி இருந்தது என்றால் மகள் நம்பமாட்டாள். வழக்கமாக நேரேதான் போவேன். அன்று நல்ல தூரம் முன்னாலேயே எஞ்சினை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உருட்டி நடந்தேன். தெருவோரத்தில் இரண்டு கழுதைகள் நின்றன. அந்த நடை எனக்கு மறக்கவில்லை. எங்கே போகிறாய், எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.