‘டெட்’னு எழுதிவெச்ச போர்டு

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க. காந்திபுரம் பக்கத்துல வாஷிங் மெஷின் போர்டு ரிப்பேர் பண்ற கடை வெச்சிருக்கேன். போர்டைக் கையில வாங்கின உடனே இன்னது போச்சுன்னு சொல்லிப்போடுவேன். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். அந்தத் திமிருதான் வினையாச்சு.

உடுமலைப்பேட்டையில என்ற அக்கா இருக்குது. மச்சானுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பேச்சும் வலது கையும் போயிருச்சு, நினைவு மட்டும் தெளிவா இருந்துச்சு. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை விரிப்பு நனையும். அத்தனையும் மெஷின்லதான் அக்கா துவைச்சுட்டு இருந்துச்சு. ஒரு மழை நாள்ல இடி விழுந்து மெஷின் நின்னுபோச்சு.

நான் போய் போர்டைக் கழட்டிட்டு வந்தேன். ஃபியூஸ் கருகி, பக்கத்துல வேரிஸ்டர் வெடிச்சிருந்துச்சு. கரண்ட் எகிறினா தான் செத்து போர்டைக் காப்பாத்தற சின்ன நீல வில்லை அது. ரெண்டையும் மாத்தினேன்.

எங்க தொழில்ல ரிப்பேர் பண்ணின போர்டை நேரா கரண்ட்ல சொருக மாட்டோம். நடுவுல ஒரு குண்டு பல்பை சீரீஸ்ல போடுவோம். உள்ள இன்னும் ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், போர்டு தப்பிச்சுக்கும். எல்லாம் சரியா இருந்தா பல்பு ஒரு தடவை மின்னி மங்கிரும். அன்னைக்குன்னு பார்த்து அந்தக் குண்டு பல்பு ஃபியூஸ் போயிருந்துச்சு. எதிர்க்கடையில எல்இடி பல்புதான் இருந்துச்சு. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானேன்னு அதையே மாட்டினேன். எல்இடி வழியா போர்டுக்கு வேண்டிய கரண்ட் போகாது. எனக்குத் தெரியாத சங்கதியா? நல்லாவே தெரியும். ஆனா மூணு கஸ்டமர் வாசல்ல நின்னு கத்திட்டு இருந்தாங்க, நானும் பதிலுக்குக் கத்திட்டு இருந்தேன். போர்டு விளக்கு மினுக்கு மினுக்குன்னு அடிச்சு அணைஞ்சுது. பவர் ஐசியை மாத்தினேன். அதே மினுக்கு. போர்டோட மூளையான மெயின் ஐசியே போச்சுன்னு முடிவு பண்ணி, மார்க்கர்ல ‘டெட்’னு எழுதி ஷெல்ஃபுல போட்டேன். மறுநாள் எங்கயோ தேடிக் குண்டு பல்பு வாங்கி மாட்டிப்போட்டேன். அக்கா போர்டை மறுபடி பார்க்கணும்னு தோணவே இல்லை. என்ற கடையில ‘டெட்’னு எழுதினா எழுதினதுதான்.

பழைய மாடல், புது போர்டு வரத்து நின்னுபோச்சுன்னு அக்காகிட்டச் சொன்னேன். வேற மெஷின் ஒண்ணு ரெடி பண்ணிக் கொண்டாரேன்னும் சொன்னேன். ரெடியானதெல்லாம் கத்தற கஸ்டமருக்குப் போச்சு. அக்கா கத்தாது. அதனால அதுக்கு, அடுத்த வாரம் வாரேங்கற பேச்சு மட்டும்தான் போச்சு. பக்கத்து ஊட்டம்மா உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமான்னு கேட்டிருக்காங்க. தம்பி பார்த்துச் சொன்னதுக்கு மேல இன்னொருத்தர் கை வெச்சா அவனுக்கு மரியாதைக் குறைச்சல்னு அக்கா மறுத்துருச்சு. ரெண்டு மாசம் உப்புத் தண்ணியில, கையாலயே துவைச்சுது.

ஒரு நாள் போன்ல அக்கா அழுதுச்சு. மச்சானுக்குத் தண்ணி குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கறாராம். எனக்கு வந்துச்சே கோபம். போனை அவர் காதுல வெக்கச் சொன்னேன். “அக்காவை எதுக்குங்க மச்சான் இந்தப் பாடு படுத்தறீங்க? குடிச்சா என்னங்க?” பதில் சொல்ல வழியில்லாத மனுசன்கிட்டக் கத்தினேன்.

அடுத்த வாரமே காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்புல தண்ணியே இல்லை, கிட்னி கெட்டுருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. மூணாம் நாள் மச்சான் போயிட்டாரு.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். வேற ஒரு போர்டுக்கு ரிலேங்கற பாகம் வேணும்னு ‘டெட்’ போர்டுகளைக் கிளறினேன். அக்கா போர்டு கையில வந்துச்சு. கழட்டறதுக்கு முன்னாடி ரிலே நல்லா இருக்குதான்னு பார்க்க சீரீஸ்ல சொருகினேன். குண்டு பல்பு ஒரு தடவை மின்னி மங்குச்சு. போர்டு ‘பீப்’னு கத்துச்சு, விளக்கெல்லாம் எரிஞ்சுது. அப்பத்தான் அந்த எல்இடி பல்பு நெனப்புக்கு வந்துச்சு; அன்னைக்கு மினுக்கினது கரண்ட் பத்தாமத்தான். வேரிஸ்டரை மாத்தின அன்னைக்கே போர்டு சரியாயிருந்துச்சு. கடையைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில உடுமலைக்கு பஸ் ஏறினேன். எல்லாத்தையும் சொல்லிப்போடணும்னுதான் போனேன். போர்டை மாட்டி சுவிட்சைப் போட்டதும் மெஷினுக்குள்ள தண்ணி விழுந்துச்சு. அக்கா, மச்சானோட விரிப்பு ஒண்ணை எடுத்தாந்து உள்ள போட்டுச்சு. உப்புத் தண்ணியில துவைச்சு விரல்ல வந்த வெடிப்பு இன்னும் ஆறலை. அந்தக் கையை விரிச்சுப் பார்த்துட்டே சொல்லுச்சு.

“இதைப் பார்த்துட்டுத்தான் கண்ணு உன்ற மச்சான் தண்ணியை நிறுத்தினாரு. நான் சொம்பை எடுத்தா, இடது கையால இந்த வெடிப்பைத் தொட்டுக் காட்டிட்டு வாயை மூடிக்குவாரு.”

‘டெட்’னு எழுதினது என்ற தப்புன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அக்கா காம்பவுண்டு சுவர்கிட்டப் போய்ப் பக்கத்து ஊட்டம்மாவைக் கூப்பிட்டுச்சு.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க. செத்துப்போன போர்டுக்கு என்ற தம்பி எப்படியோ உசுரு வர வெச்சுட்டானுங்க.”

அந்தம்மா வந்து, மெஷின் சுத்தறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கெட்டிக்காரத் தம்பின்னாங்க. நான் ஆமாங்கன்னு தலையாட்டிப்போட்டேன்.