மந்தைவெளியில் நேரே போன ஆட்டோ

கணக்குப் பரீட்சையைக் கடலில் கரைத்த பெருமை எனக்கு உண்டு. நான்காம் வகுப்பு படிக்கிறபோது செய்த காரியம். அன்று அலையில் நின்ற அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து காலையில் எட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் மயிலாப்பூரில் குளத்துப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். சீட்டில் நான்கு பேர், எதிரே அடித்த பலகையில் மூன்று பேர். பைகளும் தண்ணீர் பாட்டில்களும் வண்டிக்கு வெளியே தொங்கும். எட்டாவது ஆள் நான். டிரைவர் சீட்டின் ஓரத்தில் அப்பாவை ஒட்டிக்கொண்டு உட்காருவேன். டிராபிக் போலீஸைக் கண்டால் குனிந்துகொள்ள வேண்டும், மற்றபடி அந்த இடத்துக்கு ஒரு குறையும் கிடையாது.

அப்பாவுக்குத் தெரியாத தெரு மெட்ராஸில் இல்லை என்பது எங்கள் வீட்டுப் பெருமை. ஸ்டாண்டில் போனில் மேப் வைத்திருந்த பையன்கள்கூட அவரிடம்தான் வழி கேட்பார்கள். நாற்பத்தாறு வயது, தலையில் ஒரு நரை கிடையாது. பார்க்க என் அண்ணன் மாதிரி இருப்பார் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் அவர் என்னோடு ஒரு புது விளையாட்டு ஆரம்பித்திருந்தார். முனை வந்ததும் வண்டியை மெதுவாக்கி, "எந்தப் பக்கம்? சொல்லு பாப்போம்" என்பார். "லெஃப்ட்டுப்பா!" என்று நான் கத்துவேன். "கரீட்டு" என்று திருப்புவார். சில நாள் ஒரே ஒரு முனையில் கேட்பார், சில நாள் வழிநெடுகக் கேட்பார். பெரிய டிரைவர் தன் மகளைத் தயார் செய்கிறார் என்று எனக்கு ஏக மிதப்பு.

பரீட்சை நாள் வந்தது. பின்னம் என்றால் எனக்குக் காய்ச்சலே வரும். பொய்க் காய்ச்சல் அம்மாவிடம் செல்லவில்லை. தலையைப் பின்னி வண்டியில் ஏற்றிவிட்டாள். மந்தைவெளி முனை வந்தது. இடது பக்கம் திரும்பினால் பள்ளிக்கூடம். நேரே போனால் பட்டினப்பாக்கம், கடல். அப்பா வழக்கம்போலக் கேட்டார், "எந்தப் பக்கம்மா?"

எனக்குள் எந்தச் சாத்தான் புகுந்ததோ, "நேரா போப்பா!" என்றேன்.

திட்டுவார், குறைந்தபட்சம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "கரீட்டு" என்று சொல்லி நேரே போனார். பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் கிளம்பிய கூச்சல் இருக்கிறதே, பஸ்ஸில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மெட்ராஸையே கரைத்துக் குடித்தவரை நான் ஏமாற்றிவிட்டேன்! இல்லை, அவர் தெரிந்தே ஏமாந்தார், எனக்காக! இரண்டில் எது என்றாலும் அந்த நிமிஷம் உலகத்திலேயே நான்தான் பெரிய ஆள்.

மணலில் இறங்கி ஓடினோம். ஷூவை யார் கழற்றினார்கள், யார் கழற்றவில்லை என்பதெல்லாம் பிறகு வீட்டில் வந்த விசாரணை. முழங்கால் வரை நனைந்து, அலை வரும்போதெல்லாம் பின்னக் கணக்குப் பிசாசே போ போ என்று நான் கத்தினேன். அப்பா படகு ஒன்றின் நிழலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கூடையோடு வந்த ஒரு அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, ஸ்கூல் டயத்துல பசங்கள இங்க இட்டாந்து வச்சிக்கினு கீறே?"

அப்பா எங்கள் யூனிபாரத்தைப் பார்த்தார். கையில் கட்டிய வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஸ்கூலுக்குப் போலாம், வழி காட்டு" என்றார். இம்முறை நான் ஒழுங்காகக் காட்டினேன். பரீட்சை முடிந்திருந்தது. டீச்சர் எட்டு வீட்டுக்கும் போன் போட்டார்.

சாயங்காலம் எங்கள் பிளாக்கின் படிக்கட்டில் பிள்ளைகளின் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். நாளை முதல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஸ்கூல் சவாரிதான். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இப்போது அப்பா என் பேரைச் சொல்லப் போகிறார் என்று நடுங்கினேன்.

"யார் சொல்லி பீச்சுக்குப் போனே?" என்று அம்மா கேட்டாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் இட்னு போனேன்" என்றார் அப்பா.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை! எனக்கு அவர் மேல் அன்று வந்த பாசத்துக்கு அளவே இல்லை. அந்தப் பாசம் தாங்காமல்தான் அம்மாவிடம் நானே போய் உண்மையைக் கக்கினேன். தினமும் வழி கேட்கிற விளையாட்டையும் சேர்த்துச் சொன்னேன், தண்டனை கொஞ்சம் குறையட்டுமே என்று.

அம்மா அடிக்கக் கையை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள். "தெனமுமா கேக்குறாரு?" என்றாள். எந்தெந்த முனையில், எத்தனை நாளாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு என்னை இழுத்து, மூச்சு முட்டுகிற அளவுக்குக் கட்டிக்கொண்டாள். தப்பு செய்தால் இப்படியும் ஒரு பரிசு உண்டா என்று நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் காலையில் அம்மா தான் சமையல் செய்துவந்த வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய், "நானும் வண்டில கூட வரேன், பசங்கள அனுப்புங்கக்கா" என்று கேட்டாள். எட்டுப் பேரும் வந்தோம். என் இடத்தில் அம்மா உட்கார்ந்துகொண்டாள். பலகைக்குத் தள்ளப்பட்டதில் எனக்கு வயிறெரிந்தது. ஆனால் முதல் முனை வந்ததுமே எரிச்சலெல்லாம் பறந்தது.

"பசங்களா, இப்ப எந்தப் பக்கம்?" என்று அம்மா பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"ரைட்டு!" என்று எட்டுத் தொண்டைகள். அப்பா திருப்பினார். நந்தனத்தில் ஒரு கத்தல், மந்தைவெளியில் ஒரு கத்தல். அம்மாவுக்கு இவ்வளவு விளையாட்டுத்தனம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்! எந்த ஆட்டோவிலும் இல்லாத குஷி எங்கள் ஆட்டோவில்தான் என்று வேறு பிள்ளைகள் சேரக் கேட்டார்கள். அதன் பிறகு அப்பா ஒரு நாளும் யாரிடமும் வழி கேட்க வேண்டி வரவில்லை.

இடையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் அம்மாவும் பலமுறை போய்வந்தார்கள். வயதானவர்களுக்கு வரும் மறதி நோய் நாற்பதுகளிலும் வரும் என்பதும், அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொல்லப்பட்டது. அப்போது நான் கண்டதெல்லாம், அம்மா நந்தனம் மைதானத்தில் ஆட்டோ பழகினாள், லைசென்ஸ் வாங்கினாள், ஒரு திங்கட்கிழமை காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாக்கே கைதட்டியது. நான் விசிலடித்தேன்.

அம்மாவுக்கு வழி நன்றாகத் தெரியும். இருந்தும் முனைக்கு முனை கேட்பதை அவள் விடவில்லை. நாங்கள் "லெஃப்ட்டு!" என்போம். ஒரு நொடி கழித்து அப்பாவும் "லெஃப்ட்டு!" என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்துவார், கத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அப்பா போங்கு ஆட்டம் ஆடுறாரு. நாங்க சொன்னப்புறம் அதையே பாத்து சொல்றாரு, அவர அவுட்டாக்கு" என்று புகார் செய்தேன்.

அம்மா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கடி" என்றாள். ஜெயித்தது நாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு, நான் தொண்டை கிழியக் கத்தினேன்.