லோகநாயகி டீச்சர் மீதம் வைத்த தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை டிபன் பாக்ஸில் இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் டீச்சரை ஆவடிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது என் வேலை. நாலு மணி நேரம் மிஷினில் படுத்து எழுந்தால் அவருக்குப் பசிக்கும். அதற்காகத்தான் இட்லி, சாம்பார் இல்லாமல். போனில் டீச்சரின் கீழ் வீட்டு சாந்தி. "ஆயா, டீச்சர் எந்திரிக்க மாட்டன்றாங்கோ. தொட்டுப் பாத்தேன், சில்லுனு கீறாங்கோ. நீ வாயேன்" என்றாள்.

ஓடவில்லை. ஓடுகிற கால் இல்லை எனக்கு. இரண்டு தெரு நடந்து போனேன். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் நான் விட்டுவந்தபோது எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே. தலைமாட்டு ஸ்டூலில் அவருடைய கண்ணாடி பீக்கர் இருந்தது. அதில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதுவும் நான் விட்டுவந்த மாதிரியே.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் பட்டாபிராம் பள்ளியில் லோகநாயகி டீச்சரிடம் உயிரியல் படித்தவர்கள். நான் அந்த ஆய்வகத்தின் அஞ்சலை ஆயா. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். டீச்சரைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் கேட்டார்கள். பெரிய பெரிய படிப்புப் படித்த நீங்கள் இருக்க என்னைக் கேட்டார்களே என்று பெருமையாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தால் அசதியாக இருக்கிறது. தெரிந்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் போனபின் பள்ளியில் பெருக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். என் கைக்கு எதுவும் உடையாது என்று பார்த்து டீச்சர்தான் என்னை ஆய்வகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் வாரமே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். வெங்காயத் தோலை வைத்து, "என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

"செங்கல் அடுக்கினா மாதிரி கீது டீச்சர்."

"அது தாவர செல். சுத்தி மதில் கட்டியிருக்கும்."

அடுத்து என் கன்னத்தின் உள்பக்கத்தையே குச்சியால் சுரண்டி வைத்தார். "இது?"

"அப்பளத்தைக் கொட்டி வெச்சா மாதிரி கீது. மதிலைக் காணோமே?"

"நமக்கு மதில் கிடையாது அஞ்சலை. மெல்லிசா ஒரு சவ்வு. அவ்வளவுதான் வேலி." பிறகு தயிரில் துளி எடுத்து வைத்தார். பொடிப்பொடியாய் என்னவோ தெரிந்தது. "இது பாக்டீரியா. இதுல தனியா உள்ளறை கிடையாது. ஒரே அறை. எல்லாச் சாமானும் அதுக்குள்ளயே கலந்து கிடக்கும்."

"எங்க ஊடுகூட அப்டித்தான் டீச்சர். அடுப்பு, சாமி படம், படுக்கை எல்லாம் ஒரே ரூமு. அப்ப நாங்க பாக்டீரியாவா?"

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து பாக்டீரியா பாடம் வந்தால் "அஞ்சலை வீடு" என்றுதான் ஆரம்பிப்பார். உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு வருத்தமில்லை. பாடத்தில் என் வீடு வந்ததே.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும். அது நடந்த விதம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் ஆய்வகத்துக்கு வந்த முதல் வருடம், பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள். உருளைக்கிழங்கைத் தயார் செய்து வைக்கும்படி டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். கிழங்கைக் குடைந்து, உள்ளே சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, வெறும் தண்ணீர் இருக்கிற தட்டில் நிறுத்தி வைப்பார்கள். வெளித் தண்ணீர் கிழங்கு வழியாக உள்ளே ஏறும். சவ்வூடு பரவல். குடைய வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும். சுலபமாகக் குடையலாமே என்று அத்தனை கிழங்கையும் வீட்டில் வேகவைத்து, தோல் உரித்து, மறுநாள் காலை தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோனேன்.

டீச்சர் தூக்கைத் திறந்து பார்த்தார். "எல்லாத்தையுமா வேக வெச்சே?"

"ஆமா டீச்சர். குழையல. பதமாத்தான் கீது."

அவர் நெற்றியில் கை வைத்தார். வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்து தலைமையாசிரியர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். என் வேலை போயிற்று, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன். டீச்சர் கத்தவில்லை. "ரயில்வே கேட் கடைக்கு ஓடு. பச்சைக் கிழங்கு வாங்கிட்டு வா" என்றார். அப்போது கால் இருந்தது, ஓடினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது தேர்வாளரிடம், "ஒப்பிட்டுப் பார்க்க வெந்த கிழங்கும் வேணும் சார். எங்க அஞ்சலை காலையிலேயே தயார் பண்ணிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சையில் ஒன்று, வெந்ததில் ஒன்று. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பச்சைக் கிழங்கில் தண்ணீர் ஏறியிருந்தது. வெந்தது வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து வெந்ததற்கு "அஞ்சலை கிழங்கு" என்றே பெயர்.

எல்லோரும் போனபின் மீந்த கிழங்கை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு இருவரும் சாப்பிட்டோம். ஏன் வெந்தது இழுக்கவில்லை என்று கேட்டேன். "உயிர் இருக்கிற வரைக்கும் சவ்வு காவல் நிக்கும் அஞ்சலை. எதை உள்ள விடலாம், எதை விடக்கூடாதுன்னு பாக்கும். வெந்தா காவலும் போச்சு, வாசலும் போச்சு" என்றார்.

ஓய்வு பெற்றபின் டீச்சருக்குச் சிறுநீரகம் பழுதானது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி குடும்பம் வெளிநாட்டில். நானும் அப்போது வேலையை விட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். பட்டாபிராமிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி, அங்கே நாலு மணி நேரம், திரும்பி ஷேர் ஆட்டோ. போகும்போது பேசிக்கொண்டு போவோம். வரும்போது இருவருக்கும் பேச்சிருக்காது.

ஒருநாள் மிஷின் பக்கத்தில் மாட்டியிருந்த குழாயைக் காட்டி, "இதுக்குள்ளயும் சவ்வுதான் இருக்கு" என்றார்.

"பச்சையா, வெந்ததா டீச்சர்?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "உயிர் இல்லாததுதான். ஆனா ஓட்டை இருக்கு. சின்னது நுழையும், பெருசு நிக்கும். அதிகமா இருக்கிற பக்கத்துலருந்து கம்மியா இருக்கிற பக்கத்துக்குத் தானா போகும். சாயங்கால ரயில் நின்னதும் ஜனம் பிளாட்பாரத்துல கொட்டுதே, அது மாதிரி. யாரும் தள்ள வேண்டாம்."

"அந்தக் கூட்டத்துக்கு எதிர்க்க ஏறணும்னா?"

"அதுக்குத் தெம்பு வேணும். அந்தத் தெம்பு உயிருள்ள செல்லுக்குத்தான் உண்டு."

இன்னொரு நாள் நான்தான் அலுத்துக்கொண்டேன். "நாலு மணி நேரம் சும்மா குந்திக்கினு கீறேன். நீங்க ஊசி குத்திக்கினு படுத்துக்கினு கீறீங்கோ. ஆனா எனக்கு இன்னா டீச்சர் இவ்ளோ அசதி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார். "எந்தச் செல்லும் சும்மா இல்லை அஞ்சலை. வெளிய இருக்கிற உப்பு உள்ள கசிஞ்சு வந்துகிட்டே இருக்கும். அதைப் பிடிச்சு வெளிய தள்ளிகிட்டே இருக்கணும். நீ தூங்கினாலும் அது தூங்காது. தின்ன சோத்துல கால்வாசித் தெம்பு அதுக்கே போயிடுது போல. சும்மா இருக்கிறதுக்கே அவ்வளவு வேலை."

என் அசதிக்கு இதுவரை யாரும் காரணம் சொன்னதில்லை. அவர்தான் சொன்னார்.

டாக்டர் தண்ணீருக்கு அளவு கொடுத்துவிட்டார். அளவுக்கு மேல் குடித்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தாங்காது. டீச்சர் கடையிலிருந்து புதிதாக ஒரு பீக்கர் வாங்கிவரச் சொல்லி, அதில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டார். "அஞ்சலை, நான் கெஞ்சுவேன். கோட்டைத் தாண்டி ஊத்தாதே" என்றார். தினம் காலையில் போய்க் கோடு வரை நான் ஊற்றி வைப்பேன். அன்றைக்கு முழுவதும் அதுதான். சித்திரை வெயிலிலும் அதுதான். நாக்கு வறண்டு பேச்சு ஒட்டும். என் கண் முன்னால் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதி எவ்வளவு என்று பீக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவர் எதிரில் நான் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும் நேரம். பீக்கரில் இரண்டு விரல் தண்ணீர் இருந்தது. "அஞ்சலை, ஒரு டம்ளர் ஊத்து. முழுசா. ஒரே ஒரு தடவை மடக் மடக்னு குடிக்கணும்."

"நாளைக்கு மிஷினுக்குப் போயிட்டு வந்து கேளுங்கோ டீச்சர்."

"இன்னிக்கு வேணும்."

"வேணாம் டீச்சர்."

"யாருடி நீ எனக்குக் காவல்?"

அத்தனை வருடத்தில் அவர் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. எனக்கும் முழங்கால் வலி, பசி. "நீங்கதான் என்னைக் காவல் வெச்சீங்கோ" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வரேன் டீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் கோபம் தணிந்திருக்கும். உட்கார எனக்குத் தெம்பில்லை. வந்துவிட்டேன்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று வந்து பார்த்த டாக்டர் சொன்னார். நான் கேட்டேன், "ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிருந்தா?" அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

மத்தியானம் பெண்கள் கூடினார்கள். சாந்தியின் அம்மா என்னிடம், "கடைசியா கேட்டாங்களாமே, ஒரு வாய் ஊத்தியிருக்கலாம்ல?" என்றார். வியாழக்கிழமை நடந்ததை சாந்தியிடம் சொல்லி அழுதது நான்தான். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

என் பேத்தி நிவேதா வந்திருந்தாள். டீச்சரிடம் மைக்ராஸ்கோப் பார்த்து வளர்ந்தவள். இப்போது வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான், அதை எங்கே எழுதினாலும் எழுதுவேன். அவள் என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்க் குடத்தைக் காட்டினாள். நான் வியாழக்கிழமை கவிழ்த்து வைத்த சொம்பு மூடிமேல் அப்படியே இருந்தது. "ஆயா, பெட்லருந்து இங்க பத்து அடி. டீச்சர் தினம் பாத்ரூமுக்கு நடந்து போவாங்கதானே? குடிக்கணும்னா எந்திரிச்சு வந்து குடிச்சிருப்பாங்க. பீக்கர்ல இருந்ததையே குடிக்கல. நீ தடுக்கல ஆயா. அவங்களே குடிக்கல."

நியாயமான பேச்சு. கோபத்தில் குடிக்காமல் விட்டாரா, சொன்ன சொல்லைக் காப்பாற்ற விட்டாரா, நான் தெரு முனை திரும்பும் முன்பே போய்விட்டாரா, அது யாருக்குத் தெரியும்? பேத்தி சொன்னது காதில் நுழைகிறது. உள்ளே தங்க மாட்டேன் என்கிறது.

தூக்கும் முன் எல்லோரும் வாயில் பால் ஊற்றினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் பாலை எடுக்கவில்லை. ஸ்டூலில் இருந்த பீக்கரை எடுத்தேன். அது அவருடைய பங்கு, அன்றைய கணக்கில் அவருக்கு மீதம் இருந்தது. உதட்டை விலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கடைவாய் வழியே கழுத்துக்கு வழிந்தது. வெந்தா காவலும் போச்சு, வாசலும் போச்சு என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அவர் புத்தகங்களைப் பள்ளிக்குக் கொடுக்கச் சொல்லித் தம்பி போனில் சொன்னார். மைக்ராஸ்கோப் நிவேதாவுக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பீக்கரைக் கேட்டு வாங்கிவந்தேன். அவர் சொன்ன சொற்களில் நான் எழுதியவை போக மீதி உங்களிடம் இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்தப் பீக்கரும், கடைசியாகக் கேட்ட அந்த 'டி'யும்.

தினமும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். எனக்கு டாக்டர் அளவு எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் சிவப்புக் கோடு வந்ததும் சொம்பு பிடித்த கை தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். பிறகு கோட்டைத் தாண்டி, விளிம்பு வரை ஊற்றுகிறேன்.